உலையை வாங்கினால் போதுமா?

உலோகம் உருக்கும் உலையை நாம் ஆராயத் தேவையில்லை, வாங்கினால் போதும் என்பது கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழில் வட்டாரங்களில் வேரூன்றிப்போன கருத்து. நல்ல உலை சீனாவில் கிடைக்கிறது, ஜெர்மனியில் கிடைக்கிறது, இந்தியாவிலும் கிடைக்கிறது. காசைக் கொடுத்து இறக்கி, மின்சாரத்தைக் கொடுத்து உருக்க வேண்டியதுதானே என்கிறார்கள். ஆய்வகமும் ஆலையும் கைகோத்து உலையைச் செம்மைப்படுத்துவது பணக்கார நாடுகளின் ஆடம்பரம், நம் ஊரில் அது கட்டுரை எழுதிப் பதவி உயர்வு வாங்க மட்டுமே உதவும் என்பது இதன் தொடர்ச்சி. வர்த்தக சங்கக் கூட்டங்களிலும், பட்ஜெட்டுக்கு முந்திய கோரிக்கை மனுக்களிலும், பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபங்களில் நடக்கும் இந்தியத் தொழில்முனைவர் கருத்தரங்குகளிலும் அடித்தளமாக இருப்பது இந்த எண்ணமே: இயந்திரம் வாங்கக் கடன் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இதைப் பொறுப்பற்ற பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. மாதக் கடைசியில் மின் கட்டணத்தையும் சம்பளத்தையும் கட்டியாக வேண்டியவர்கள் போடும் கணக்கு இது. ஆனால் கணக்கு தவறு. எவ்வளவு பெரிய தவறு என்று தெரிந்துகொள்ள நெடுந்தூரம் போக வேண்டாம்; கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பூலாவ் இண்டா வரை போனால் போதும்.

மலேசியா ஸ்மெல்ட்டிங் கார்ப்பரேஷன் உலகின் பெரிய வெள்ளீய உருக்கு நிறுவனங்களில் ஒன்று. அதன் மூலம் 1887இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி. 1902 முதல் நூறாண்டுக்கு மேலாகப் பட்டர்வொர்த்தில் வெள்ளீயம் உருகியது. தழல் கூரையில் பட்டுத் திரும்பித் தாதுவைச் சுடும் பழைய பாணி உலைகள் அங்கே கடைசிவரை வேலை செய்தன. அண்மை ஆண்டுகளில் உருக்கும் வேலை பூலாவ் இண்டாவுக்கு இடம் மாறியது. இங்கே இருப்பது நெட்டுக்குத்தாக நிற்கும் உருளை உலை. மேலிருந்து நீண்ட எஃகுக் குழல் ஒன்று இறங்கி, கொதிக்கும் கசடுக்குள் முனையை அமிழ்த்தி, எரிபொருளையும் காற்றையும் குழம்புக்குள்ளேயே ஊதுகிறது. ஆயிரம் பாகையைத் தாண்டிய குழம்புக்குள் எஃகுக் குழல் உருகாமல் நிற்பதுதான் இதன் சூட்சுமம். குழலுக்குள் பாயும் காற்றைச் சுழலவிடுகிறார்கள். சுழல் காற்று குழலின் சுவரைக் குளிர்விக்கிறது. வெளிப்புறத்தில் தெறிக்கும் கசடு அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு உறைந்து ஓடாகப் படிகிறது. எந்தக் கசடு குழலைத் தின்றுவிடும் என்று அஞ்சினார்களோ அதே கசடு குழலுக்குக் கவசமாகிவிடுகிறது. எரிதல் கசடின் உள்ளேயே நடப்பதால் வெப்பம் கூரைக்கும் புகைபோக்கிக்கும் போய் வீணாவதும் குறைகிறது.

இந்த உலை எங்கே பிறந்தது? ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில், 1970களில், ஜான் ஃபிளாய்ட் என்ற உலோகவியலாளரும் அவரது குழுவினரும் மெல்பர்ன் ஆய்வகத்தில் உருவாக்கியது. முதலில் அது கைகொடுத்த வேலையே வெள்ளீயக் கசடில் தங்கிவிட்ட உலோகத்தை மீட்பதுதான்; சிட்னியில் இருந்த ஒரு வெள்ளீய உருக்காலை அதைத் தன் கூரைக்குக் கீழே ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தது. பிறகு குவீன்ஸ்லாந்தின் மவுண்ட் ஐசா சுரங்க நிறுவனம் அதே ஆய்வகத்தோடு சேர்ந்து காரீயத்துக்கும் செம்புக்கும் அதை வளர்த்தது. ஃபிளாய்ட் 1981இல் வெளியே வந்து ஆஸ்மெல்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி உலகெங்கும் விற்றார். ஆக, வாங்கினால் போதும் என்று வாதிடுபவர்கள் பெருமையாகக் காட்டக்கூடிய, நம் வாசலிலேயே நிற்கும் உலை, ஆய்வகமும் ஆலையும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்ததன் பிள்ளை. இதில் நெஞ்சைச் சுடும் விஷயம் ஒன்று உண்டு. அந்த 1970களில் உலகின் முதன்மை வெள்ளீய உற்பத்தி நாடு மலேசியா. கோலாலம்பூரே வெள்ளீயம் தோண்ட வந்தவர்களால் உருவான ஊர். தாது நம்முடையது, உருக்கிய அனுபவம் நம்முடையது, கசடு மலையும் நம்முடையது. உலையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோன ஆய்வு மட்டும் மெல்பர்னில் நடந்தது. மலாயா அதற்கு முன்பே வெள்ளீய ஆய்வுக்குப் பணம் கொடுக்காமல் இல்லை. 1932இல் தொடங்கிய பன்னாட்டு வெள்ளீய ஆய்வு மன்றத்துக்கு உற்பத்தி நாடுகள்தாம் நிதி தந்தன. அதன் ஆய்வகம் இலண்டனுக்கு அருகே கிரீன்ஃபோர்டில் இயங்கியது. வெள்ளீயத்துக்குப் புதிய பயன்களைத் தேடுவதே அதன் முதல் அக்கறை. பட்டர்வொர்த் உலையில் எவ்வளவு அனல் வீணாகிறது என்பது அந்த ஆய்வகத்தின் கவலையாக இருக்கவில்லை.

சிறிய நாடு, ஆராய்ச்சி நமக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு இதே சிலாங்கூர் மண்ணில் ஒரு பதில் இருக்கிறது, சுங்கை பூலோவில். 1925இல் மலாயா ரப்பர் ஆய்வுக்கழகம் சட்டப்படி அமைந்தது. ஏற்றுமதியாகும் ரப்பரின் எடைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தீர்வை பிடித்து, அந்தப் பணத்தில் ஆய்வு நடந்தது. சுங்கை பூலோ சோதனைத் தோட்டத்தில் உருவான ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டு ரகங்கள் பழைய விதைமரங்களைவிடப் பல மடங்கு பால் தந்தன. 1965இல் உலகிலேயே முதல் முறையாக, கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பதை விட்டு ஆய்வக அளவீட்டால் ரப்பரைத் தரம் பிரிக்கும் முறையை மலேசியாதான் கொண்டுவந்தது. செம்பனைக்கும் அதே வழி: 1979இல் தீர்வைப் பணத்தில் செம்பனை எண்ணெய் ஆய்வுக்கழகம், 2000 முதல் அது மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் அங்கம். தோட்டத்து ஆய்வு துரைமார்களுக்கு லாபம் தந்தது, பால்வெட்டிய தமிழனுக்கு என்ன தந்தது என்ற கேள்வி நியாயமானது. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும். இங்கே நான் சொல்ல வருவது ஒன்றுதான்: போட்டியாளர்கள் எல்லாரும் ஆளுக்கொரு துளி போட்டு, பொதுவான ஆய்வகம் ஒன்றை வைத்து, அதன் முடிவைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுசேர்க்கும் முறை இந்த நாட்டுக்குத் தெரியும். ரப்பருக்குச் செய்தோம், எண்ணெய்க்குச் செய்தோம். உலோகத்துக்கு மட்டும் அது முடியாது என்பதற்கு யாரும் இதுவரை ஒரு காரணம் காட்டவில்லை.

வாங்குவதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உள்நாட்டுச் சான்று உண்டு. 1982இல், கிழக்கை நோக்கும் கொள்கை அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், பெர்வாஜா எஃகு நிறுவனம் பிறந்தது. திரெங்கானு எரிவாயுவால் இரும்புத் தாதுவை நேரடியாக இரும்பாக்கும் உலையை நிப்பான் ஸ்டீல் தலைமையிலான ஜப்பானியக் கூட்டமைப்பு கட்டித்தந்தது. உலகின் முதல்தரக் கம்பெனி, சாவி கொடுத்தால் ஓடும் ஆலை. அது சொன்னபடி ஓடவில்லை. ஜப்பானியத் தரப்பு இழப்பீடு கொடுத்தது; ஆனால் ஏன் ஓடவில்லை என்று தானே கண்டறிந்து திருத்தும் ஆற்றல் வாங்கியவர் கையில் இருக்கவில்லை. பிறகு அதே பெர்வாஜா எச்.ஒய்.எல். என்ற வேறு முறையை வாங்கியது. அந்த முறை மெக்சிகோவின் மான்டெரெய் நகரத்தில் ஒரு தகட்டு ஆலையின் பொறியாளர்கள் 1957இல் ஓட்டிக்காட்டியது. பழைய இரும்பு போதிய அளவில், கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லை என்ற உள்ளூர் நெருக்கடிதான் அவர்களை அதில் இறக்கியது. வளர்ந்த நாடு விற்றது ஓடவில்லை. தன் தேவைக்காகத் தானே உட்கார்ந்து யோசித்த மெக்சிகோ விற்றது ஓடியது. பெர்வாஜாவின் வீழ்ச்சிக்கு நிர்வாகக் கேடும் கடனும் பெரிய காரணங்கள், மறுக்கவில்லை. ஆனாலும் அதன் முதல் அடி உலையிலேயே சறுக்கியது என்பதை மறந்துவிட்டு, அரசு தொழில்நுட்பத்தில் இறங்கினால் இப்படித்தான் என்று அதை ஆய்வுக்கு எதிரான சான்றாகக் காட்டுகிறார்கள். பெர்வாஜாவில் தோற்றது ஆய்வு இல்லாத கொள்முதல்.

இந்த இடத்தில் கொரியாவைக் காட்டி மடக்குபவர்கள் உண்டு. அந்நாட்டு எஃகு நிறுவனமான போஸ்கோவும் ஜப்பானிடம்தானே வாங்கியது, வாங்கித்தானே வளர்ந்தது என்பார்கள். உண்மைதான். 1968இல் தொடங்கிய போஸ்கோ ஜப்பானியத் தொழில்நுட்பத்தில்தான் போஹாங் ஆலையைக் கட்டியது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1986இல் அந்த நிறுவனமே போஹாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவியது, அடுத்த ஆண்டு பக்கத்திலேயே தொழில் ஆய்வகம் ஒன்றை வைத்தது. ஆலை, ஆய்வகம், வகுப்பறை மூன்றும் ஒரே ஊரில். 2007இல் ஃபைனெக்ஸ் என்ற புதிய முறையில், கோக் சூளையும் தாதுப்பொடியைத் திரட்டும் ஆலையும் இல்லாமலே இரும்பெடுக்கும் பெரிய உலையை அங்கே ஓட்டினார்கள். வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. முதல் உலையை எல்லாரும் வாங்கத்தான் செய்வார்கள். வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நாம் நினைத்தோம், அவர்கள் வேலை அன்றுதான் தொடங்குகிறது என்று நினைத்தார்கள்.

பெரிய ஆலைகளின் கதை நமக்கெதற்கு, மேருவிலும் காப்பாரிலும் இரண்டு டன் உலை வைத்திருப்பவனுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். அவனுக்குத்தான் இது அதிகம் வேண்டும். வாங்கினால் போதும் என்ற கருத்தின் ஆணிவேர், உலை என்பது பெட்டியில் வரும் முடிந்த பொருள் என்ற எண்ணம். ஒரு டன் வார்ப்பிரும்பை 1,500 பாகை செல்சியஸ் வரை உருக்க இயற்கை கேட்கும் குறைந்தபட்ச ஆற்றல் ஏறத்தாழ 390 யூனிட் மின்சாரம். கருத்தாக நடத்தப்படும் இண்டக்‌ஷன் உலை 500, 550 யூனிட்டில் அதை முடிக்கும். ஏனோதானோவென்று நடக்கும் கூடத்தில் அதே கம்பெனி செய்த அதே மாடல் உலை 700 யூனிட் வரைக்கும் போகும். விலைப்பட்டியலில் அந்த வித்தியாசத்துக்கு இடமில்லை, ஏனென்றால் அது விற்பனைக்கு வருவதில்லை. உலையின் வாய் மூடியில்லாமல் திறந்து கிடந்தால், அந்தச் சூட்டில் ஒவ்வொரு சதுர மீட்டர் உருகு பரப்பும் நூறு கிலோவாட்டுக்கும் மேல் அனலை ஓயாமல் வெளியே கொட்டுகிறது. பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் உடம்பும் அதில்தான் வேகிறது. மூடி எல்லா உலைக்கும் உண்டு. பழைய இரும்பை மேலே குவித்துப் போட்டால் மூட முடியாது, அதனால் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிடுகிறார்கள். இரும்பை எந்த அளவில் வெட்டி, எந்த வரிசையில் போட்டால் மூடியை மூடியபடியே உருக்கலாம் என்று அந்தக் கூடத்தில் நின்று அளந்து சொல்ல ஆள் வேண்டும். உலையின் உட்சுவரும் அப்படித்தான். அது மெலிய மெலிய மின்சாரம் உலோகத்தை நன்றாகப் பற்றும். மேலும் மெலிந்தால் குழம்பு ஓட்டை போட்டுக்கொண்டு தண்ணீர் ஓடும் செம்புச் சுருளைத் தொட்டுவிடும், அது உயிர்ச்சேதம் வரைக்கும் கொண்டுபோகும். எத்தனை உருக்குக்குப் பிறகு இடித்துக் கட்டுவது என்பதை இன்று பெரும்பாலான சிறு கூடங்களில் தலைமை உலைக்காரரின் கண்ணும் காதும் தீர்மானிக்கின்றன. அந்தக் கண்ணுக்கும் காதுக்கும் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவர் வேலையை விட்டுப் போகும்போது அந்த அறிவும் கூடவே போய்விடுகிறது. அளவாக எழுதி வைத்திருந்தால் அது கூடத்தின் சொத்தாகியிருக்கும்.

விற்ற கம்பெனி வந்து சரிசெய்து தருமே என்பது அடுத்த வாதம். தரும், ஒப்படைப்புச் சோதனை வரைக்கும். நல்ல சுத்தமான இரும்பைப் போட்டு, தங்கள் ஆளையே நிறுத்தி, ஒப்பந்தத்தில் சொன்ன எண்ணைக் காட்டிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு வருவது துருவேறிய தகடு, மணல் ஒட்டிய வார்ப்புக் கழிவு, எண்ணெய் படிந்த சீவல், எந்தக் கலவையென்றே தெரியாத இயந்திர உடைசல். கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய இரும்பு மாதத்துக்கு மாதம் மாறும். வருடம் முழுக்க ஈரக்காற்று, எந்த நேரமும் மழை. நனைந்த இரும்போடு ஒரு கோப்பைத் தண்ணீர் உருகிய குழம்புக்குள் போனால் அது நொடியில் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் ஆவியாக விரிந்து குழம்பை வாரி இறைக்கும். குளிர்நாட்டில் எழுதிய கையேடு இந்தச் சூழலை அறியாது. அறியும்படி செய்ய அந்தக் கம்பெனிக்கு ஆதாயமும் இல்லை. அதன் ஆதாயம் அடுத்த உலையை விற்பதில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிராக, ஆய்வகம் கூடத்துக்குள் இறங்கினால் என்ன நடக்கும் என்பதை இந்தியாவின் ஹவுரா காட்டியது. அங்கே நூற்றுக்கணக்கான சிறு வார்ப்படக்கூடங்கள் கோக் எரிக்கும் குபோலா உலையில் இரும்பை உருக்குகின்றன. குபோலாவில் ஒரு பழைய குறை: கீழே ஊதும் காற்றில் கோக் எரிந்து வரும் வாயுவில் ஒரு பகுதி மேலேறும்போது கார்பன் மோனாக்சைடாக மாறி, முழுதும் எரியாமலே புகைபோக்கி வழியே போய்விடும். மேலே இன்னொரு வரிசைத் துளை வைத்து இரண்டாவது முறை காற்று ஊதினால் அது அங்கேயே எரிந்து, அந்த வெப்பமும் இரும்புக்குக் கிடைக்கும். இந்த இரட்டை ஊது குபோலாவை பிரிட்டனின் வார்ப்பிரும்பு ஆய்வுச் சங்கம் வளர்த்தது. 1921இல் வார்ப்பட முதலாளிகளே கூடி நிறுவிய சங்கம் அது. இந்தியாவில் பலர் இதைப் பார்த்து ஏற்கெனவே நகலெடுத்திருந்தார்கள். இரண்டு வரிசைத் துளையும் இருந்தது, சேமிப்பு மட்டும் வரவில்லை. வரிசைகளுக்கு இடையே எவ்வளவு தூரம், மேலே எத்தனை பங்கு காற்று, கீழே எத்தனை பங்கு, ஊதியின் அழுத்தம் எவ்வளவு, தண்டின் உயரம் எவ்வளவு என்ற கணக்கு நகலோடு வராது. டெரி என்ற ஆற்றல் ஆய்வு நிறுவனம், சுவிஸ் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பின் பணத்தில், பிரிட்டிஷ் வல்லுநர்களையும் உள்ளூர் வார்ப்படச் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு, 1998இல் ஹவுராவின் ஒரு கூடத்தில் அந்தக் கணக்கைப் போட்டுக் கட்டிக்காட்டியது. முன்பு உருக்கும் இரும்பின் எடையில் 13.6 விழுக்காடு கோக் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் 8 விழுக்காடு போதுமானது. நூறு கிலோ கோக் எரிந்த இடத்தில் நாற்பது கிலோவுக்கு மேல் மிச்சம். புகையைக் கழுவும் கருவியும் அதே வேலையோடு பொருத்தப்பட்டது. இதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவுமில்லை. நோபல் பரிசு வரப்போவதில்லை. தெரிந்த ஒன்றை அந்தக் கூடத்தின் கோக்குக்கும் அந்தக் கூடத்தின் இரும்புக்கும் பொருந்தவைத்தார்கள், அவ்வளவுதான். நம் ஆட்கள் ஆராய்ச்சி என்றதும் நினைத்து மிரளும் பிரம்மாண்டம் தேவையே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கோயம்புத்தூரின் கதையும் இதோடு சேர்ந்தது. பஞ்சாலைகளுக்கும் பம்புசெட்டுக்கும் வார்த்துக் கொடுத்து வளர்ந்த ஊர் அது. அங்கே பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் 1926இலேயே தொடங்கியது. பிறகு 1951இல் வந்த பொறியியல் கல்லூரியின் மாணவர்கள், விற்பனைக்கு வார்க்கும் அதே கூடத்தில் பயின்றார்கள். கல்லூரியும் உலையும் ஒரே வளாகத்தில் இருந்ததன் பலனை அந்த ஊரின் பெயரே இன்று சொல்லும். இங்கே மலேசியாவில் நம் முன்னோர்களுக்கும் அந்தத் தொழிலோடு உறவு உண்டு. செந்தூல் ரயில்வே பட்டறையில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். பட்டறை மூடியது. அங்கே பழுத்த கைத்திறனை ஏட்டில் ஏற்றிப் பாதுகாக்க எந்தப் பல்கலைக்கழகமும் கதவைத் தட்டவில்லை.

பல்கலைக்கழகங்கள் பயனற்ற கட்டுரைகளைத்தான் உற்பத்தி செய்கின்றன என்ற குற்றச்சாட்டை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். அதில் உண்மை இருக்கிறது. விரிவுரையாளரின் உயர்வைக் கட்டுரை எண்ணிக்கையால் அளந்தால் அவர் கட்டுரைதான் எழுதுவார். காப்பாரில் ஒரு கூடத்தின் மின்கட்டணம் குறைந்தது என்பதற்கு அவருடைய மதிப்பீட்டுத் தாளில் கட்டமே இல்லை என்றால், அவர் ஏன் அந்த வெக்கையில் போய் நிற்கப்போகிறார்? ஆனால் இந்த நோய்க்கு மருந்து அளவுகோலை மாற்றுவது. உறவையே துண்டிப்பது நோயை வளர்க்கும். துண்டித்துக்கொண்டும் இருக்கிறோம்: நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆய்வுக்குச் செலவான பங்கு 2016இல் 1.44 விழுக்காடு, 2020இல் அது 0.95 ஆகச் சரிந்தது. ஆலைகள் பின்வாங்கினால் ஆய்வகம் காகிதத்துக்குள் சுருங்கும். சுருங்கியதைக் காட்டி ஆலைகள் இன்னும் பின்வாங்கும். தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்ற பயமும் சொல்லப்படுகிறது. யார் என்ன கலவையில் வார்க்கிறார், யாருக்கு விற்கிறார் என்பது ரகசியம்தான். மூடியில்லாத உலையிலிருந்து போகும் அனலில் என்ன ரகசியம்? பிரிட்டனின் வார்ப்பட முதலாளிகளும் மலாயாத் தோட்ட முதலாளிகளும் ஒருவரை ஒருவர் நம்பிச் சேர்ந்தவர்கள் அல்லர். தனித்தனியே செலவழிக்க முடியாததைச் சேர்ந்து செலவழித்தார்கள்.

எல்லாவற்றையும்விட வலுவான எதிர்வாதம் காசைப் பற்றியது. இங்கே மின்சாரமும் எரிவாயுவும் மலிவாகக் கிடைத்துவந்தன. பத்து விழுக்காடு மிச்சம் பிடிக்க இவ்வளவு பாடு ஏன் என்று கேட்டால் நேற்றுவரை அதில் ஒரு நியாயம் இருந்தது. இன்று இல்லை. இரும்பு, எஃகுத் தொழிலுக்கும் எரிசக்தித் துறைக்கும் 2026க்குள் கார்பன் வரி வரும் என்று 2024 அக்டோபரில் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தபோதே பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்துவிட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் கட்டணம் 2023 அக்டோபரில் கணக்குக் கேட்பதோடு தொடங்கி 2026இல் காசு கேட்கும் கட்டத்துக்கு வந்தது. எஃகும் அலுமினியமும் அதன் முதல் பட்டியலிலேயே உண்டு. அந்தக் கட்டணத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. தன் ஆலையின் உண்மையான புகைக்கணக்கை அளந்து, சரிபார்த்துக் காட்ட முடியாதவருக்கு அவர்களே கூடுதலாக வைத்து ஓர் எண்ணைப் போட்டுவிடுவார்கள். அளக்காதவர் அதிகம் கட்டுவார். ஆற்றல் சிக்கனப் பாதுகாப்புச் சட்டமும் 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்துவிட்டது. ஆனால் அது ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது ஏறத்தாழ 60 லட்சம் யூனிட்டுக்கு மேல் செலவழிப்பவரைத்தான் தணிக்கை செய்யச் சொல்கிறது. டன்னுக்கு 600 யூனிட் என்று வைத்தால் ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் உருக்குபவர்தான் அந்த வரம்பைத் தொடுவார். சிறு கூடங்கள் சட்டத்தின் பார்வைக்கே வராது. அவற்றின் புகையும் விரயமும் இருந்த இடத்திலேயே இருக்கும். பெரிய ஆலைக்கு உதிரி வார்த்துக் கொடுக்கும்போது மட்டும் உன் கார்பன் கணக்கு எங்கே என்ற கேள்வி வந்து நிற்கும்.

எரிபொருள் மட்டுமே செலவு என்று நினைப்பதும் தப்பு. பழைய அலுமினியத்தை உருக்கி வார்ப்பவரைக் கேளுங்கள். தழல் உருகிய உலோகத்தின்மேல் நேராகப் பட்டால் மேற்பரப்பு எரிந்து டிராஸ் என்கிற கசடாகத் திரள்கிறது. அதை வாரி எடுக்கும்போது நல்ல உலோகமும் கூடவே போகிறது; சில கூடங்களில் இந்த இழப்பு எரிவாயுக் கட்டணத்தையே விஞ்சிவிடும். வாரி எடுத்ததோடு தொல்லை தீர்வதில்லை. மழையில் நனைந்தால் அது அம்மோனியாவையும் தீப்பற்றும் வாயுக்களையும் கக்கும். 2005ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் அதைப் பட்டியலிட்ட கழிவாக வைத்திருக்கின்றன. முறைப்படி அகற்ற டன்னுக்கு இவ்வளவு என்று காசு கட்ட வேண்டும், முறைகேடாக அகற்றினால் அது யாரோ ஒருவர் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஆற்றங்கரையில் போய்ச் சேரும். தழல் படும் கோணத்தை மாற்றுவது, நுண்சீவலைச் சுழலுக்குள் அமிழ்த்தி உருக்குவது, உப்பின் அளவைக் குறைப்பது என்று இதற்குத் தெரிந்த வழிகள் பல. எது எந்தக் கழிவுக்குப் பொருந்தும் என்பதை இங்கே கிடைக்கும் கழிவை வைத்து இங்கேதான் சோதிக்க முடியும். பழைய உலோக வணிகத்தில் இந்த நாட்டின் இந்தியர்கள் பெருமளவில் இருக்கிறார்கள். பொறுக்கி, பிரித்து, எடைபோட்டு விற்பதோடு நின்றுவிடாமல் உருக்கி வார்ப்பது வரை அவர்கள் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். இந்தியத் தொழில்முனைவருக்கான ஸ்பூமி கடன் உலையை வாங்கித் தரும். உருகிய உலோகத்தில் எத்தனை விழுக்காடு கசடோடு போகிறது என்பதை அது சொல்லித் தராது; அதைத் தெரியாமல் இறங்கியவரின் கடன்தான் முதலில் மூழ்கும்.

ஆகவே நான் கேட்பது திட்டவட்டமானது. வரப்போகும் கார்பன் வரியில் ஒரு சிறு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, ரப்பருக்குத் தீர்வை வைத்தது போல, உலை ஆய்வுக்கென்றே ஒதுக்க வேண்டும். அதை நடத்தும் குழுவில் பாதிப்பேர் உருக்குபவர்களாக இருக்க வேண்டும், அவர்களிலும் பாதி சிறு கூடங்களிலிருந்து வர வேண்டும். 1975இல் உருவான தொழில் ஆய்வு நிறுவனமான சிரிம் ஷா ஆலமில் இருக்கிறது. தென்கிழக்காசிய இரும்பு எஃகுக் கழகத்தின் தலைமையகமும் ஷா ஆலமில்தான் இருக்கிறது. புக்கிட் ராஜாவின் உருக்காலைகள் கூப்பிடு தூரத்தில். இடம் தேட வேண்டியதில்லை. உலைக்கூடத்தில் செலவிட்ட மாதங்களையும் அங்கே அளந்து காட்டிய மிச்சத்தையும் விரிவுரையாளரின் உயர்வுக்கு எண்ணிக்கொள்ள உயர்கல்வி அமைச்சு விதியைத் திருத்த வேண்டும். முடிவுகள் ஆலையின் பெயரில்லாமல், எண்களோடு, மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும். முதல் வேலையாக இருபது கூடங்களில் ஓராண்டு முழுவதும் ஒவ்வோர் உருக்கிலும் என்ன போட்டார்கள், எவ்வளவு யூனிட் ஓடியது, எவ்வளவு உலோகம் வெளியே வந்தது, கசடு எத்தனை கிலோ, மூடி எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதைக் குறித்தால் போதும். அதற்கு வேண்டியவை மின்மானி, தராசு, வெப்பமானி, அதைப் படிக்கத் தெரிந்த ஓர் இளம் பொறியாளர், அவருக்கு உலையைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மூத்த உலைக்காரர், அவருக்கும் அந்த வேலைக்கான சம்பளம். கார்பன் வரியின் முதல் ஆண்டு வசூலிலிருந்தே இதைத் தொடங்கலாம். இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.